மேடம் சொன்ன தீர்ப்பு

குழந்தைப் பொருட்கள் விற்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் 'பதில்' என்றுதான் கூப்பிடுவார்கள். துணி நாப்கினை எப்படித் துவைப்பது, மரப் பொம்மையைப் பிள்ளை கடித்துவிட்டால் என்ன செய்வது, வேலைக்குப் போகிற அம்மா தாய்ப்பாலை எப்படி எடுத்து வைப்பது என்று நாள் முழுக்கக் கேள்விகள் வந்து குவியும். அத்தனைக்கும் முதலாளியம்மாவின் பெயரில் பதில் எழுதுவது அவள் வேலை. "பதில் வந்தாச்சா?", "பதில் இன்னைக்கு லீவா?" என்று சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயர் ஆபீசில் யாருக்கும் ஞாபகமில்லாமல் போய்விட்டது.

முதலாளியம்மா முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'தாய்க்குலம்'. வாரம் தவறாமல் பருத்தி அங்கியும் மரமணி மாலையுமாகக் காமிரா முன்னால் உட்கார்ந்து, பிள்ளையை இயற்கையாக வளர்ப்பது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுப்பாள். குரல் தேனாக ஒழுகும். சில சமயம் கண்கூடக் கலங்கும். அவளுக்கும் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. அவர்கள் எந்தப் பாலைக் குடித்து வளர்ந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

பதில் அதையெல்லாம் நம்பித்தான் எழுதினாள். எழுதி எழுதியே நம்பினாள் என்றும் சொல்லலாம். தனக்கு ஒரு மகன் பிறந்தபோது, அடுத்தவர்களுக்குச் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். துணி நாப்கின், தூளியைப் போல் மார்பில் கட்டிக்கொள்கிற துணி, டப்பாப் பால் கிடையாது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, கைப்பையோடு பால் எடுக்கிற மெஷினையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் இருந்தாள். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

ஆபீஸ் முன்பக்கத்து ஷோரூமில் 'தாயறை' என்று ஒரு மூலையை அலங்கரித்து வைத்திருந்தார்கள். மெத்தென்ற சாய்வு நாற்காலி, வலைத்திரை, மஞ்சள் விளக்கு, கால் வைத்துக்கொள்ளக் குட்டி முக்காலி. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பதில் ஆசையாக அங்கே போய் உட்கார்ந்தாள். மேடம் ஓடி வந்தாள்.

"அது படம் எடுக்கறதுக்கும்மா. கறை பட்டா போகாது. பின்னாடி ஸ்டாக் ரூம் இருக்கு பாரு."

ஸ்டாக் ரூமில் தாழ்ப்பாள் கிடையாது. அட்டைப் பெட்டி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பால் எடுப்பாள். பேக்கிங்காரர் டேப் ரோலைத் தேடிக்கொண்டு வந்து கதவை இடிப்பார். "ஐயோ, தெரியாதும்மா" என்று அவரே வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போவார். மெஷின் ஒரு பக்கம் கிர்ர் கிர்ரென்று இழுக்கும். மறு கையில் போனை வைத்துக்கொண்டு பதில் எழுதுவாள்: 'அன்புத் தோழி, பதற்றமில்லாத, வெளிச்சம் குறைந்த ஓர் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.' எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வரும். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

பிறகு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள். எழுந்து வந்தபோது பால் குறைந்து போயிருந்தது. மெஷினோடு மல்லுக்கட்டி, காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று சேர்த்து, இரண்டு பாட்டிலை ஒருவழியாக நிரப்பி ஆபீஸ் பிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் பகலுக்கு மகனுக்கு அதுதான்.

சாயங்காலம் கிளம்பும்போது பிரிட்ஜைத் திறந்தால், பாட்டில்கள் இருந்த இடத்தில் பழச்சாறு ஜாடிகள் நின்றன. மொத்தமாகச் சரக்கு எடுக்கிற வியாபாரிகள் அன்று வந்திருந்தார்கள். பாட்டில்கள் கழுவு தொட்டி ஓரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

மேடம் தன் அறையில் பேரீச்சம்பழம் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், பிரிட்ஜ்ல என் பாட்டில்..."

"ஆமா, இடம் இல்ல, கொட்டிட்டேன். விருந்தாளிங்க வர்ற நேரத்துல அதைப் போயி வச்சிருக்கியே. பாட்டிலை நானே கழுவி வச்சிருக்கேன் பாரு."

"அது நாளைக்குப் பிள்ளைக்கு மேடம்."

"பால்தானேம்மா. ஊறிடும்."

அவ்வளவுதான். அடுத்த பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுக்கிற வேலையில் மேடம் இறங்கிவிட்டாள். பதில் காலி பாட்டில்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் மதியம் நாத்தனாரின் போன் வந்தது. பிள்ளையின் அழுகைதான் முதலில் கேட்டது.

"அண்ணி, இருந்த கொஞ்சத்தையும் குடிச்சிட்டான். தோள்ல போட்டு நடந்து நடந்து என் கால் கழண்டு போச்சு. டப்பாப் பால் வாங்கிக் கலக்கட்டுமா?"

"கலக்கு."

"கோபமா?"

"உன் மேல எனக்கு என்ன கோபம்? அழ விடாதே, கொடு."

பிள்ளை குடித்தான், தூங்கினான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் நாத்தனார் அதைத்தான் சமாதானமாகச் சொன்னாள். "டப்பாப் பால் குடிச்சா பிள்ளை ஒண்ணும் கெட்டுப் போயிடாது அண்ணி. ஊர்ல பாதிப் பேர் அதுலதான் வளர்ந்திருக்காங்க."

"எனக்குத் தெரியாதா? டப்பா மேல எனக்கு என்ன பகை? என் உடம்புலேர்ந்து நான் எடுத்து வச்சதை, ஒரு வார்த்தை கேட்காம, அழுக்குத் தண்ணி மாதிரி தூக்கி ஊத்தியிருக்கா. ஊறிடுமாம்."

நாத்தனார் யோசித்தாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு அவ காபில ரெண்டு ஸ்பூன் கலந்து விடுங்க. குடிச்சு முடிச்சதும் சொல்லுங்க."

"என் பிள்ளைக்கே பத்தல. அவளுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்க, நாத்தனாரும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பில் பதிலின் நெஞ்சு கொஞ்சமும் ஆறவில்லை. பழி வாங்கியே தீருவது என்று அங்கேயே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே முடிவு செய்தாள்.

மேடத்தின் நேரலையில் கேள்விகளைப் படிப்பது பதில்தான். காமிராவில் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அடுத்த வாரம் ஆபீசே கூடியிருந்தது. மொத்த வியாபாரிகள் வேறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மூன்று கேள்விகள் போன பிறகு, பதில் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அடுத்த கேள்வி. 'நான் வேலைக்குப் போகிற அம்மா. ஆபீஸ் பிரிட்ஜில் பிள்ளைக்காக எடுத்து வைத்த பாலை என் அதிகாரி கொட்டிவிட்டார். கேட்டதற்கு, பால்தானே, ஊறிடும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?'"

படித்துவிட்டு மேடத்தின் முகத்தையே பார்த்தாள். அந்த 'ஊறிடும்' என்ற சொல்லிலாவது பிடிபடும் என்று நினைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மேடத்துக்கு அது ஒரு சம்பவமாகவே மனதில் தங்கவில்லை.

மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண்கள் கலங்கின.

"ரத்தம் கொதிக்குது எனக்கு. தாய்ப்பாலைக் கீழ கொட்டறவ மனுஷியா? அவளுக்கெல்லாம் எதுக்கு ஒரு பதவி, எதுக்கு ஒரு தனி ரூம்? நானா இருந்தா அவளை வெளியே உட்கார வச்சிட்டு, அந்த ரூமையே அந்த அம்மாவுக்குக் கொடுப்பேன். இங்க நீ உட்காரும்மா, உன் பிள்ளைக்குப் பால் எடும்மான்னு சொல்வேன். யாரு அந்த அதிகாரி? பேரைச் சொல்லுங்க, நானே பேசறேன்."

"நீங்கதான் மேடம்," என்றாள் பதில்.

மைக்கில் அது தெளிவாகக் கேட்டது. பேக்கிங்காரர் இருமினார். காமிராக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"நான் உங்க ஆபீஸ்லதான் இருக்கேன். போன வாரம் நீங்க கொட்டினது என் பால்."

மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. ஆனால் அவள் சும்மா தாய்க்குலம் ஆகவில்லை. ஒரு மூச்சு இழுத்தாள், கைதட்டினாள், சிரித்தாள்.

"பார்த்தீங்களா, எப்படிக் கப்புன்னு பிடிச்சா? இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. இது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட நாடகம். நம்ம ஆபீஸ்லயே நடந்தா நாம என்ன பண்ணுவோம்னு எல்லாரும் யோசிக்கணும்ல? எங்க கம்பெனியில அம்மாக்களுக்குன்னு தாயறையே இருக்கு. காமிராவை அந்தப் பக்கம் திருப்புங்கப்பா."

மஞ்சள் விளக்கும் சாய்வு நாற்காலியும் திரையில் நிறைந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாராட்டிக் குவித்தார்கள். வியாபாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பழியைக் கையிலிருந்து பிடுங்கி, மேடம் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள்.

காமிரா அணைந்ததும் பதிலின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"எல்லாரும் பாராட்டறாங்க, அதனால தப்பிச்ச. இந்தச் சத்தம் அடங்கட்டும். அப்புறம் உனக்கு இருக்கு."

சத்தம் அடங்குவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்பதைப் பதிலும் புரிந்துகொண்டாள். கண்ணீரோடுதான் தன் மேஜைக்குப் போனாள். அங்கே வழக்கம்போல் கேள்விகள் காத்திருந்தன. பக்கத்துத் தெரு வங்கியில் வேலை செய்கிற ஒருத்தி எழுதியிருந்தாள்: 'அக்கா, எங்கள் ஆபீசில் கழிவறையில்தான் பால் எடுக்கிறேன். உங்கள் தாயறைக்கு நான் வரலாமா?'

பதில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடத்தின் பெயரில், மேடத்தின் தேன் குரலில் எழுதினாள்: 'தாராளமாக வாருங்கள் கண்ணு. நீங்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் வேலை செய்கிற எந்த அம்மாவும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இது உங்கள் அறை.' எழுதியதைக் கம்பெனிப் பக்கத்தில் எல்லோர் பார்வைக்கும் படும்படி மேலே ஏற்றி வைத்தாள். அன்றைய வேலை முடிவதற்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

மறுநாள் மதியம் வங்கிக்காரி வந்தாள். பின்னாலேயே பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் ஒருத்தி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ்காரி ஒருத்தி. எல்லோர் தோளிலும் மெஷின் பை. சாய்வு நாற்காலியோ ஒன்றே ஒன்று. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் கிடப்பவர்களை வரிசையில் நிற்கச் சொல்ல முடியாது.

மேடம் அறையை விட்டு வெளியே வந்தாள். "என்ன கூட்டம் இது?"

"நீங்க கூப்பிட்டீங்களேன்னு வந்தோம்க்கா," என்றாள் வங்கிக்காரி. டீச்சர் ஏற்கெனவே போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேடத்துக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பதில் முன்னால் வந்தாள். "இங்க இடம் பத்தல மேடம். நேத்து நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடலாமா?"

"நான் என்ன சொன்னேன்?"

"தனி ரூமைக் கொடுத்துட்டு வெளியே உட்காரணும்னு சொன்னீங்களே." பெண்கள் பக்கம் திரும்பினாள். "மேடம் சொன்னா சொன்னதுதான். வாங்க, உள்ள சோபா இருக்கு, தாழ்ப்பாளும் இருக்கு."

போலீஸ்காரி முதல் ஆளாக உள்ளே போய், மேஜை மேலிருந்த பேரீச்சம்பழத் தட்டை மரியாதையாக ஓரத்தில் நகர்த்திவிட்டு மெஷினை எடுத்து வைத்தாள். கதவு மூடிக்கொண்டது. மேடம் தன் அறைக் கதவுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேக்கிங்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். யார் சொல்லி என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மேடம் அதில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் மேடம் பதிலைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை கையைப் பிடித்து இழுக்கவில்லை.

"உனக்கு என்ன வேணும்? சம்பளம் கூட்டித் தரேன். இவங்களை வரவேண்டாம்னு பக்குவமா எழுதிப் போடு. உனக்கு நல்லா எழுத வரும்."

"எழுதலாம் மேடம். என்ன காரணம்னு எழுதட்டும்?"

மேடம் பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தாள். மன்னிப்பு மாதிரி ஏதோ வரப் பார்த்தது. பதில் அதை முழுசாக வர விடவில்லை. அவளுக்கு அது வேண்டாம். வாங்கிக்கொண்டால் கோபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பெண்கள் தினமும் வந்தார்கள். வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகச் சரக்கு எடுத்தார்கள், அது வேறு விஷயம். அதனாலேயே பதிலை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை, பெண்களை நிறுத்தவும் முடியவில்லை. மதியம் ஆனால் மேடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்டாக் ரூமுக்குப் போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். டேப் ரோலைத் தேடி வருகிற பேக்கிங்காரர் இப்போது ஐயோ என்று திரும்பிப் போவதில்லை. "காலைக் கொஞ்சம் நகர்த்துங்க மேடம்" என்பார்.

மாதங்கள் ஓடின. மகன் தவழ்ந்து, நின்று, நாத்தனார் ஊட்டுகிற மசித்த சோற்றை அவள் முகத்திலேயே துப்புகிற அளவுக்கு வளர்ந்தான். பகலில் அவனுக்குப் பால் தேவைப்படவில்லை. பதில் மெஷினைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, கண்ணாடிக் கடைக்காரியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் மதியம் ஆனதும், மற்றப் பெண்கள் வந்து போன பிறகு, மேடத்தின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். சோபாவில் சாய்ந்து, காலைத் தூக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டு, சும்மா இருப்பாள்.

ஒருநாள் கதவு தட்டப்பட்டது.

"பையன்தான் சாப்பிட ஆரம்பிச்சிட்டானாமே," என்றது மேடத்தின் குரல், தேன் துளியும் இல்லாமல். "எனக்கு உள்ள ஒரு போன் பேசணும். இன்னும் எவ்வளவு நேரம்?"

பதில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். இன்னும் முடியல."