துடைக்காத பலகை

1

ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். முனைவர் பட்டத் தகுதித் தேர்வில் பலகையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தவன் நான். எங்கள் இயந்திரவியல் துறையில் ஒரு விதி உண்டு. தேர்வில் எழுதியதைத் துடைக்கக் கூடாது. தப்பென்று பட்டால் குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கீழே தொடர வேண்டும். வந்த வழி தெரிய வேண்டுமாம். நான் துடைத்தேன். அதை வைத்துக் கதை எழுத முடியாது. ஆகவே, அவள்.

2

போர்க்களம் புகும் வீராங்கனையைப் போல அவள்

(பொய். அவள் பையை மூன்றாம் முறையாகத் திறந்து பார்த்தாள்.)

இது இரண்டாம் வாய்ப்பு. மூன்றாவது கிடையாது, தோற்றால் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். துணைக்கு அண்ணன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். காலையில் வீட்டு லிஃப்டில் இறங்கினார்கள். கீழே வந்து நிற்கும்போது அவள் முழங்கால் லேசாக மடங்கியது.

"பயத்துல முட்டி மடங்குது பாரு, டாக்டரம்மாவுக்கு."

"பயம் இல்லண்ணா. லிஃப்ட் நிக்குது, கனம் கூடுது. மெக்கானிக்னு வெளியில சொல்லிக்காத."

3

மூன்று பேராசிரியர்கள். மூத்தவர் கேட்டார்: "லிஃப்ட் கீழ இறங்கி நிக்கப்போகுது. அப்ப கயிறு தாங்கற விசை, எடையை விடக் கூடவா, குறைவா?"

(இப்படியா வாய்க்கும் என்பீர்கள். வேறு கேள்விகளும் வைத்துப் பார்த்தேன். கதை நகரவில்லை.)

'குறைவு' என்று எழுதினாள். கீழேதானே போகிறது. அதற்கேற்ப நான்கு வரி சமன்பாடு ஓடியது. மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் கை துடைப்பானை நோக்கிப் போனது.

இந்த இடத்தில் பத்து நாள் எழுதாமல் கிடந்தேன்.

பிறகு அவள் முழங்காலை லேசாக மடக்கினாள். பலகைக்கு முன்னால், மூன்று பேர் பார்க்க. நிமிர்ந்தாள். நான்கு வரிக்கும் குறுக்கே ஒரே கோடு போட்டாள். கீழே எழுதினாள்: கூடுதல்.

4

நான் எழுதிய முதல் முடிவில் அவள் தேறினாள். ஆனால் நேரம் தீர்ந்துபோயிருந்தது, மற்ற கேள்விகள் மிச்சம், எப்படித் தேறுவாள்? இரண்டாவது முடிவில்

(எழுத மனம் வரவில்லை.)

முடிவு சொல்லும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். அண்ணன் பெஞ்சில் கருவிப் பையை நகர்த்தி இடம் விட்டான்.

"என்ன கேட்டாங்க?"

"லிஃப்ட்."

"அதுக்கு என்னையே உள்ள கூப்பிட்டிருக்கலாமே."

"நீயும் ஃபெயில்தான்ணா. காலையிலயே தப்பாச் சொன்ன."

அவன் சிரித்தான். அவளும். கதவின் கைப்பிடி திரும்பியது.

பேனா இனி உங்களிடம். அவளைத் தேற வையுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள், உங்கள் இஷ்டம். எழுதியது பிடிக்காவிட்டால் துடைக்காதீர்கள். கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள்.