கூட்டிச் சொன்ன வயது

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரியில் சோளம் விதைக்கிற முத்துச்சாமிக்கு ஒரே மகன், மோகன்குமார். பதின்மூன்று வயதிலேயே அப்பனின் தோளைத் தாண்டியிருந்தான். பால் கேனை சொசைட்டியில் போட்டுவிட்டு வரட்டும் என்று முத்துச்சாமிதான் மொபெட் சாவியை அவனிடம் கொடுத்தார். ஜல்லி சிதறிக் கிடந்த வளைவில் வண்டி சறுக்கியது. பையனின் வலது கணுக்கால் முறிந்துவிட்டது.

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். எலும்பு டாக்டர் தேவதர்ஷினி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார். சின்னப் பையனிடம் வண்டியைக் கொடுத்ததற்குக் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று முத்துச்சாமி பயந்தார். மொபெட் ஓட்டப் பதினாறு ஆனால் போதும் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்தது; பதினாறு முடியப்போகிறது என்றார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்து இருக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு அதைத் தொடாமல், அதற்குக் கீழே படுக்கைவாட்டில் ஸ்க்ரூ போடவேண்டும்; காலை ஊன்ற நாளாகும். வளர்ந்து முடியப்போகிறவனுக்குத் தட்டை ஊடுருவிச் சாய்வாகவே போடலாம். இறுக்கமாக நிற்கும், சீக்கிரம் நடக்கலாம்.

"படத்துல தட்டு இன்னும் மூடாத மாதிரி இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, பதினாறுதானா?"

முத்துச்சாமி மகனைப் பார்த்தார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆமாம்மா. பதினாறுதான்."

சாய்வாக ஸ்க்ரூ போட்டார்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே பையன் நடந்தான். தப்பித்தோம் என்றுதான் முத்துச்சாமி நினைத்தார். ஆனால் அடுத்த வருஷம் அவனுடைய வலது செருப்பு வெளியோரமாகவே தேய்ந்தது. கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

புதுப் படத்தைப் பார்த்த டாக்டர், ஸ்க்ரூ தட்டைத் துளைத்த இடத்தில் உள்பக்க எலும்பு வளராமல் நின்றுபோயிற்று, வெளிப்பக்கம் மட்டும் வளர்கிறது என்றார். அப்போதுதான் முத்துச்சாமி உண்மையைச் சொன்னார். தலை நிமிரவில்லை. டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ பழைய படத்தை எடுத்து, மூடாத தட்டின்மேல் விரலை வைத்தார்.

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு. உங்க பேச்சை நம்பி விட்டுட்டேன். நானும் விட்டிருக்கக் கூடாது."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பனும் மகனும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வேடசந்தூரைத் தாண்டியது.

"நீங்க வயசக் கூட்டிச் சொன்னத நானும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்ப்பா," என்றான் மோகன்குமார். "ஒங்களப் பிடிச்சுட்டுப் போயிருவாகளோன்னு பேசாம இருந்துட்டேன்."

மகன் திட்டியிருந்தால்கூட முத்துச்சாமி தாங்கியிருப்பார்.

மதுரையில் எலும்பை வெட்டி நிமிர்த்தினார்கள். சாய்வு போயிற்று, நீளம் குறைந்தது குறைந்ததுதான். குதிகால் உயர்த்திய செருப்போடு மகன் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது, முத்துச்சாமி சோளக்காட்டு வரப்பில் நின்றுவிடுவார். அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவான். இவருக்குக் கை எழும்புவதில்லை.