காரணத்துக்கு முன்பே வந்த கல்யாணம்

பைஷுவான் ஊரின் ஆற்றுச் சந்தில் விளைவு முதலில் வரும், காரணம் அப்புறம் வரும். வெள்ளம் வடிந்த வருடம் சந்தின் முகப்பு வளைவைத் திரும்பக் கட்டிய கொத்தனார், 'காரணம் முன்னே, விளைவு பின்னே' என்று சொல்லும் நாலு சீன எழுத்துகளில், எழுத்துக்கொரு கல்லாக இருந்ததில் இரண்டை இடம் மாற்றிப் பதித்துவிட்டார். அன்றிலிருந்து அங்கே முதலில் முட்டி வீங்கும், பிறகு சாவகாசமாகத் தடுக்கி விழுவார்கள். மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டுச் சண்டையைத் தொடங்குவார்கள். கல்லைச் சரிசெய்ய வந்த ஆள், வேலையைத் தொடுமுன்பே நன்றியையும் தேநீரையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படியிருக்க, ஒரு வசந்தகாலக் காலையில் நூடுல்ஸ் கடை விதவை மியாவ் லான்ஷியாங் வீட்டு வாசலில் வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. கதவில், கல்யாண வீட்டில் ஒட்டும் இரட்டை மகிழ்ச்சி எழுத்து ஒட்டியிருந்தது. கல்யாணம் நடந்த வீடு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"யாருடி மாப்பிள்ளை? மிட்டாய் எங்க?" என்றாள் பக்கத்து வீட்டு ஃபாங்.

"எனக்கே தெரியலக்கா. தெரிஞ்சா உங்ககிட்ட மறைப்பேனா?"

வருடக்கணக்காகத் தினமும் அவள் வாசலில் நல்ல தோஃபுவாகப் பார்த்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போகிற தோஃபுக் கடைக்காரன் கெ தாச்சுன், காகிதத்தைப் பார்த்ததோடு வருவதை நிறுத்திக்கொண்டான். கல்யாணத் தரகர் உடனே ஒரு லாரி முதலாளியைக் கூட்டிவந்தார். கல்யாணம்தான் ஆகிவிட்டதே, ஆள் ஒன்றுதானே பாக்கி என்பது அவர் வாதம். சந்தே தலையாட்டியது. லான்ஷியாங் மனதில் இருந்தது தாச்சுன் மட்டுந்தான். கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டு அவன் தோஃபுக் கடைக்கு நடந்தாள்.

"தோஃபு ஏன் வரல?"

"கல்யாணம் ஆன வீட்டுக்கு நான் எதுக்குங்க?"

"மாப்பிள்ளை வராம இருந்தா எப்படிய்யா?"

"நானா?" என்றான். அடுப்பில் சோயாப் பால் பொங்கி வழிந்தது.

"பின்ன, லாரிக்காரரா? எந்திரிங்க. ஊரே காத்துக்கிட்டிருக்கு."

மறுவாரம் வெடி வெடித்தார்கள். சத்தம் மட்டும் வந்தது, காகிதந்தான் முன்பே விழுந்துவிட்டதே. லாரி முதலாளி வயிறாரச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்.

முதல் நாளிலிருந்தே இருவரும் முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் மாதிரிப் பழகினார்கள். கேட்காமலே உப்பை நகர்த்தினார்கள், குறட்டையைப் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது இருவருக்கும் பல் போய்விட்டது. கொஞ்ச நாளாக, அவள் கிண்ணத்தை நீட்டும்போது விரல் பட்டால் தாச்சுனுக்குக் காது சிவக்கிறது, அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். காதல் வந்துவிட்டது என்று சந்தில் பேசிக்கொள்கிறார்கள். வரவேண்டிய நேரந்தான்.