தண்ணீர்க்காரர்கள்

“படகையும் லாரியில ஏத்தணுமா? உப்புக்குள்ள எந்த மீனப் பிடிக்கப் போறீங்க மச்சான்?”

“வண்டி ஓட்டுறத மட்டும் நீ பாருடா.”

“பிடிச்சாலும் ஒரு வசதி. வலையில விழும்போதே கருவாடாயிருக்கும்!”

தன் பேச்சுக்குத் தானே சிரித்தான் என் தம்பி இலாரியோன். என் கணவர் அப்தோன் சிரிக்கவில்லை. தெற்கே உப்பளத்தில் உப்புப் பாளம் வெட்ட எங்களுக்கு வேலை சொல்லி வைத்திருந்தான் தம்பி. ஜோடியாக வந்தால்தான் எடுப்பார்களாம். இந்த மழைக்கும் போபோ ஏரி நிறையாவிட்டால் கிளம்பிவிடலாம் என்று அப்தோனே சொன்னதுதான். மழைக்காலம் போய்விட்டது. வருகிற ஆற்றை வடக்கிலேயே வயல்களும் சுரங்கங்களும் குடித்துவிட்டன.

கரையில் வாழும் ஐமாரா ஜனத்துக்குக் கினோவா தானிய வயலும் லாமா மந்தையும் உண்டு. உரு என்ற ஜனமான எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. நிலம் பங்கிட்ட காலத்தில், ‘நாங்க தண்ணிக்காரங்க, எங்களுக்கு எதுக்கு மண்ணு?’ என்று சிரித்தபடி படகேறிப் போய்விட்டார்களாம் எங்கள் ஆட்கள்.

“ஏவா, அங்க பாரு! பூநாரை! தண்ணியில்லாத எடத்துல அது எறங்குமா?”

என்னைக் கூப்பிட்டபடியே தூரத்து ரோஜா நிறத்தை நோக்கி, வெடித்துக் கிடந்த ஏரித் தரையில் அப்தோன் ஓடினார். நானும் தம்பியும் பின்னால் ஓடினோம்.

கணுக்கால்கூட நனையாத குட்டை. அதில் ஒற்றைப் பூநாரை. அதன் இரு கால்களிலும் உப்பு கல்லாக இறுகியிருந்தது. அப்தோன் மண்டியிட்டு அதை விரலால் உடைத்து உடைத்து எடுத்தார். பறவை இரண்டடி நடந்து உட்கார்ந்துகொண்டது.

“அதுக்கும் லாரியில எடம் போடவா மச்சான்?” என்று ஆரம்பித்த தம்பி, அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கரைக்குத் திரும்பினோம். காய்ந்த தரைமேல் படகு சாய்ந்து கிடந்தது. இந்த வருஷமும் அதற்குத் தார் பூசியிருந்தார். வருஷத்தின் முதல் வலைக்கு முன் செய்வதுபோலப் பையிலிருந்த கோக்கா இலைகளை ஏரிக்குக் காணிக்கையாகத் தரையில் தூவினார். பிறகு படகில் ஏறி வலையைப் பிரித்தார்.

எங்களில் கணவன் முன்னால் நின்று வலை வீசுவான். பின்னால் நின்று கழி ஊன்றுவது மனைவி.

தம்பி லாரிக்குப் போய் இஞ்சினைக் கிளப்பினான். ஹாரன் அடித்தான்.

“ஏவா, பின்னால ஏறிக் கழியப் பிடி. ஒரே ஒரு தரம் வீசிட்டு வந்துர்றேன்.”