மாயாண்டி மடித்த வெற்றிலை

முப்பத்திரண்டு வருஷத்தில் பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தவரில்லை மாயாண்டி. மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மகாராஜாதான், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கப் போன மனைவி தாயம்மா பள்ளத்தில் விழுந்து கணுக்கால் நொறுங்கி, தகடும் திருகாணியும் வைத்துக்கொண்டு வீடு திரும்பியதும் அடியோடு மாறிப்போனார். சோறு வடித்தார், துணி அலசினார். ஊன்றக் கூடாது என்று சொன்ன காலைத் தரையில் பட விடவில்லை.

"வாய் நமநமங்குது" என்று அவள் சொன்னால் போதும். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, புகையிலை வைத்து மடித்து நீட்டுவார். வேலைக்குப் போன காலத்தில் இரண்டு தடவை போட்டவள், இப்போது ஆறு தடவை போட்டாள். தீபாவளிக்கு அவள் நடந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம் டாக்டர் சிந்துஜா எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"எலும்பு ஒட்டவே இல்ல. திருகாணி ஒண்ணு உடைஞ்சிருக்கு."

மாயாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒரு நாளும் ஊன விடலியே டாக்டர். இனிப்பு நீர் வியாதியும் இல்லலா."

"சிகரெட் பிடிப்பாங்களா?"

"என் பொண்டாட்டியா? என்னா டாக்டர் நீங்க."

டாக்டர் தாயம்மாவின் சிவந்த உதட்டைப் பார்த்தார். "வெத்தலையில போயில வைப்பீங்களாம்மா?"

"கொஞ்சம்."

"சிகரெட் செய்யிற வேலையத்தான் அதுவும் செய்யும். எலும்புக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிரும். அது முக்கியக் காரணமா இருக்கலாம். இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து வச்சு மறுபடி ஆபரேஷன் பண்ணணும். அதுவும் ஒட்டலன்னா நடக்கிறது சிரமம்."

மாயாண்டிக்குப் புரிந்தது. கல்யாணமாகி முதன்முதலாக ஆசையாய்ச் செய்த காரியம், அவள் காலையே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

"எழுந்திரிக்க முடியாத உங்களுக்கு யாரும்மா போயில வாங்கிக் குடுத்தது?"

தாயம்மா புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. "பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிக்குவேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்."

அதைக் கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. திரும்பும் வழியில் அவள் கேட்பாளே என்று காலையில் மடித்து வைத்த வெற்றிலை சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார்.

"நாந்தான் டாக்டர். தெனம் ஆறு தடவ, என் கையால."