ஆறு மணிப் பாட்டு

மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு நான் மஞ்சள் பனியன்காரர்களுக்கு நாற்பது அடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுத்தான். தாய்லாந்தின் கோன் கேன் ஏரிக்கரையில் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடுகிறவர், நடக்கிறவர் எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். அந்த நேரம் அவர்களோடு ஓடும் என் தோழி ரின்னுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் அவளால் என்னை விட்டு ஓட முடியாது. ஒரு நிமிடமாவது சேர்ந்து நிற்கலாம்.

ஓட்டமெல்லாம் எனக்குத் தானாக வந்ததல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தபோது, வேலை முடிந்து வந்து விழுந்து கிடக்கும் என்னை ரின்தான் காலைப் பிடித்து இழுப்பாள். "எந்திரிடி முய்! மெத்தையில வேர் விட்டுட்டியா?" அரைச் சுற்று ஓடுவோம். பிறகு ஒட்டரிசியும் சுட்ட பன்றிக்கறிக் குச்சிகள் மூன்றும். "ஓடுனதுக்கு மேலயே உள்ள போயிடுச்சு" என்று என் வயிற்றைத் தட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாளும் போனேன், மழையில்கூட. எனக்கு ஓட்டம் பழகுவதற்குள் அவளுக்கு வேகம் கூடிவிட்டது. ஏப்ரலில் ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்தாள்; மஞ்சள் பனியன் வந்தது. "நீ உன் வேகத்துல வா, சரியா?" என்றாள், அன்பாகத்தான். பிறகு அந்தக் குழுக்காரர்கள் சேர்ந்து தங்கியிருந்த வீட்டுக்கே குடிபோனாள். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசப் போயிருப்பேன்.

கீதம் தொடங்கியது. என் கணக்கு தப்பிவிட்டது; நடுவில் இருபது அடி. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ரின்னின் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. எனக்கு என்ன வந்ததோ, ஓரடி வைத்தேன். இன்னும் ஓரடி. பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். வாத்தியார் மாதிரி இருந்த ஒருவர் முறைத்தார். நான் போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

திரும்பாமலே, உதடு அசையாமல் கேட்டாள்: "இன்னும் வாயாலதான் மூச்சு விடுறியாடி?"

"ம்."

"மூக்கால விடுன்னு எத்தன வாட்டி சொல்றது?"

அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டியது. பாட்டு இன்னும் இரண்டு வரி நீளாதா என்று ஏங்கினேன். முடிந்துவிட்டது.

மஞ்சள் முதுகுகள் கிளம்பின. நான் வாயை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சு எரிய எரிய ஓடினேன். வளைவு வரை அவள் என் கண்ணுக்குத் தெரிந்தாள். வளைவு தாண்டியதும் பன்னிரண்டு முதுகுகளில் எது அவளுடையதென்று தெரியவில்லை. நான் வாயை மட்டும் திறக்கவில்லை.