நார்மல் டியூப்

பெண்டாட்டியைத் தாங்குவதில் தெய்வசிகாமணியை மிஞ்ச உப்பளம் வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வேலைக்குக் கிளம்பும் முன்பே தண்ணீர் பிடித்து, துணி உலர்த்தி, மீனும் வாங்கிப் போட்டுவிடுவார். செல்வாம்பாள் வாசலில் தலையை நீட்டினால் போதும், "உள்ள போ செல்வா, வெயிலு மண்டையப் பொளக்குது" என்பார். அவளும் கூடத்துத் தையல் மெஷினே கதியென்று கிடந்தாள்.

அந்த மனுஷனிடம் அவள் ஒன்றை மறைத்தாள். ஒரு வருஷமாக இடுப்பும் தொடையும் குடைச்சல். சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. சொன்னால் மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். அவர் அவளுக்கு விட்டுவைத்திருந்த வேலை அது ஒன்றுதான்.

எண்பத்தைந்தாம் வருஷம் லேபில் வைட்டமின் டி பார்க்க ஆரம்பித்தார்கள். ராஜாங்கம் டாக்டரின் ஆராய்ச்சி. எலும்பு வலிக்காரர்களின் ரத்தத்தோடு ஒத்துப்பார்க்க, நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அதற்கு லேப்காரர்கள் வீட்டு ஆட்களைத்தான் பிடிப்பார்கள்.

"கொஞ்சம் ரத்தம் குடு செல்வா. ஊருக்கே நார்மல் நீதான்" என்று பெருமையாக ஊசியோடு வந்தார். மறுத்தால் வலி தெரிந்துவிடும். பயந்துகொண்டே கையை நீட்டினாள்.

அடுத்த வாரம் முகம் செத்துப்போய் வீடு திரும்பினார்.

"நோயாளிங்களுக்கு இருக்கற வைட்டமின்கூட என் நார்மல் டியூபுல இல்லையாம். சாம்பிளக் கெடுத்துட்டேன்னு டாக்டரு எல்லார் முன்னாடியும் ஏசிட்டாரு. இனிமே அந்த டெஸ்டுல கைய வெக்கக்கூடாதாம்." தட்டை நகர்த்தினார். "டியூபுல வெளிச்சம் படக்கூடாதுன்னு கறுப்புக் காகிதத்தக்கூட ஒழுங்காத்தான் சுத்தனேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல செல்வா."

தொழிலில் ஒரு சொல் கேட்டறியாத மனுஷன். செல்வாம்பாள் மெஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தப்பு உங்க கையில இல்லைங்க. என் ஒடம்புலதான்" என்றவள், தரையிலிருந்து எழுந்து காட்டினாள். சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, பாதியில் நின்று.

அவர் பாய்ந்து வந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்.

"டியூபுக்குத்தான் வெளிச்சம் ஆவாது. பாவி நான், உன்னையும் இல்ல சுத்தி வெச்சிட்டேன்!"

மறுபடி எடுத்த ரத்தமும் அதையே சொன்னது. ராஜாங்கம் டாக்டர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மாத்திரையோடு வெயிலையும் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செல்வாம்பாள் படிக்குப் படி நின்று மொட்டைமாடி ஏறினாள். பின்னால் துணி வாளியும் குடையுமாக அவர். மேலே போனதும் அவள் தலைக்கு மேல் குடையை விரித்தார்.

"மடக்குங்க."

"கொஞ்ச நேரம்..."

"மடக்குங்கன்னா!"

மடக்கினார். அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"மெஷின வாசலோரம் நகத்திப் போட்டிருக்கேன்" என்றார், எங்கோ பார்த்தபடி. "அங்கதான் வெயில் நல்லா விழுது."

அவளுக்கு அந்த மனுஷனை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எதிர்மாடியில் ஆள் நின்றதால் அடுத்த சட்டையை எடுத்தாள்.